தாத்தாவுக்கு ஐந்து பெயர்

தாத்தா இறந்த பிறகு அவர் பேரில் இருந்த பணத்தை எடுக்க நான் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். சிலோனிலிருந்து வந்து கோத்தகிரி, குன்னூர், கூடலூர், வால்பாறை என்று குடியேறிய குடும்பங்களில் அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது உங்கள் வீட்டிலும் நடக்கும். எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் பாதி அலைச்சலும், ஒரு இருபத்தஞ்சாயிரம் ரூபாயும், அத்தையோடு வந்த மனக்கசப்பும் மிச்சமாகியிருக்கும்.

தாத்தா பேர் ராமையா. எங்கள் அப்பா நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறிக்கப் போய்விடுவார். என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனது, சளிக்குத் தூதுவளை ரசம் வைத்தது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் கோயம்புத்தூர் காலேஜில் சேர்க்க யார் யாரிடமோ கடன் கேட்டது எல்லாம் தாத்தாதான். கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியைக் கிளை வெட்டிவிடும் வேலை. அவர் வெட்டிய செடியைப் பார்த்தால் மேசையைச் சீவி வைத்ததுபோல மட்டமாக இருக்கும் என்று லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சொல்வார்கள். நான் வீட்டுப்பாடத்தைப் பாதியில் விட்டால் திட்ட மாட்டார். "இன்னிக்கு உனக்கு அரைப்பேருதாங்கண்ணு" என்பார். தோட்டத்தில் சொன்ன எடைக்குக் கொழுந்து வராவிட்டால் பாதிச் சம்பளம்தான் போடுவார்கள், அதுக்கு அரைப்பேர் என்று பெயர். அந்தப் பேச்சு அவர் வாயில் கடைசிவரை இருந்தது.

அவர் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை ஒரு வங்கியில் டெபாசிட் போட்டு, முதிர்வு வரும்போதெல்லாம் மறுபடி போட்டு, ரெண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆக்கி வைத்திருந்தார். போன வருஷம் அவர் இறந்தபோது அதற்கு நாமினி யார் என்று பார்த்தால், பாட்டி. பாட்டி இறந்தது 1998-ல். கிளையில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "நாமினி எக்ஸ்பயர்டுன்னா நாமினியே இல்லாத கணக்கு மாதிரிதான் மேடம்" என்று சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் காலடியில் தரை நழுவியது. உங்கள் வீட்டுப் பெரியவர்களின் பாஸ்புக்கை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நாமினி பதிவு என்று மட்டும் போட்டிருந்தால் போதாது, அந்த நாமினி உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் வேலை. 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று சட்டம் மாறியிருக்கிறது. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டியவர் மட்டும்தான், அவருக்கே அது சொந்தம் என்று ஆகிவிடாது. ஆனாலும் நாமினி இருந்தால் வங்கியில் வேலை சீக்கிரம் முடியும்.

இறப்புச் சான்றிதழிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்த வினையெல்லாம் அங்கே விதைத்ததுதான். வீட்டில் இறந்தால் 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராம ஊராட்சி என்றால் கிராம நிர்வாக அலுவலர்தான் (விஏஓ) பதிவாளர், நகராட்சி என்றால் அங்கே சுகாதாரப் பிரிவில். துக்க வீட்டில் யாருக்கும் நிதானம் இருக்காது. பக்கத்து வீட்டு அண்ணன் ஆதார் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தார், ஆதாரில் இருந்தபடியே சான்றிதழ் வந்துவிட்டது. ஆதாரில் தாத்தா பேர் "முத்து ராமையன்", பிறந்த தேதி 01.01.1941. வருஷம் மட்டும் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஜனவரி ஒன்று போட்ட காலத்துப் பதிவு அது. வங்கியில் "எம். ராமையா". ரேஷன் கார்டில் "இராமய்யா". பதிவு செய்யப் போகிறவர் கையில் ஆதாரோடு பாஸ்புக்கையும் பென்ஷன் புத்தகத்தையும் கொடுத்தனுப்புங்கள். எந்த எழுத்துக்கூட்டில் பணம் இருக்கிறதோ அதையும் பதிவாளரிடம் காட்டிக் கேளுங்கள். பதிவேட்டில் ஏறிய பிறகு திருத்துவது தனி வேலை.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இங்கேதான் ஏமாந்தேன். தாலுகா அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுப்பவர் ஒருவர், "நீங்க கோயம்புத்தூர்லருந்து லீவு போட்டு வர்றீங்க, உங்களால அலைய முடியாதும்மா, நான் பாத்துக்கிறேன்" என்று ஒன்பதாயிரம் வாங்கினார். அந்த நேரத்தில் அவர் எனக்கு அண்ணன் மாதிரி தெரிந்தார். இ-சேவை மையத்தில் அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் 60 ரூபாய். உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்தால் விண்ணப்ப எண் குறுஞ்செய்தியில் வந்துவிடும், மனு இப்போது விஏஓ மேசையில் இருக்கிறதா, வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) மேசையில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அவர் தன் எண்ணைக் கொடுத்துப் பதிந்திருந்தார். மனு திருப்பி அனுப்பப்பட்ட செய்தி அவருக்குப் போனது, எனக்கு வரவில்லை. நான் போன் செய்யும்போதெல்லாம் "ப்ராசஸ்ல இருக்கு" என்றார். யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் செல்போன் எண் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

மனு திரும்பியதற்குக் காரணம் பாட்டி. இறந்தவருடைய மனைவி எங்கே என்று கேட்பார்கள், இறந்துவிட்டார் என்றால் சான்றிதழ் கேட்பார்கள். 1998-ல் லயத்தில் செத்த ஒரு கிழவிக்கு யார் சான்றிதழ் வாங்கினார்கள்? கொண்டுபோய்ப் புதைத்தோம், பதினாறாம் நாள் கும்பிட்டோம், முடிந்தது. இப்போது ஓராண்டு தாண்டிய இறப்பைப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். அதற்கு முன்னால், எங்கள் பதிவேட்டில் இந்தப் பெயர் இல்லை என்று பதிவாளரிடம் எழுதி வாங்க வேண்டும். பாட்டியைப் புதைத்ததைப் பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சி சொல்ல வேண்டிய வயதில் இருந்தவர்களும் பாதிப்பேர் போய்விட்டார்கள். அலுவலக வராந்தாவில் உட்கார்ந்து, இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னால் செத்த பாட்டி செத்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்கும்போது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வீட்டில் இப்படிப் பதியாமல் விட்ட சாவு இருந்தால், அடுத்த சாவு வருமுன் அதைப் பதிந்துவிடுங்கள். சொல்ல நன்றாக இல்லைதான், வேறு எப்படிச் சொல்வது?

வாரிசு யார் யார் என்பதிலும் ஒரு சண்டை வந்தது. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணுக்கு மனைவி, மகன், மகள், தாய் எல்லாரும் முதல் நிலை வாரிசுகள். மகன் முன்னாலேயே இறந்திருந்தால் அவருடைய மனைவியும் பிள்ளைகளும் அந்த மகனுடைய பங்குக்கு வருவார்கள். அதனால் எங்கள் வீட்டில் அத்தை, அம்மா, நான், மூன்று பேர். மனு எழுதியவர் அத்தை பேரையே போடவில்லை. "கட்டிக்கொடுத்த பொண்ணு, விட்டுரலாம், சீக்கிரம் முடியும்" என்று அவராகவே முடிவு செய்திருக்கிறார். விசாரணைக்கு வந்த விஏஓ சொல்லித்தான் எனக்கே தெரியும். அதற்குள் செய்தி திருப்பூரில் இருக்கிற அத்தை காதுக்குப் போய்விட்டது. "எங்கப்பன் தூக்கி வளத்த புள்ள, எம்பேர வெட்டுறியா?" என்று போனில் கேட்டார். நான் என்ன சொன்னாலும் நம்பவில்லை. எழுதிய மனுவைக் கையெழுத்துப் போடுமுன் வரி வரியாகப் படித்துப் பாருங்கள், மகள்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மகளை விட்டுவிட்டு வாங்கும் சான்றிதழ் பின்னால் செல்லாமல் போகும்.

கடைசியில் சான்றிதழ் கைக்கு வந்து வங்கிக்குப் போனால், "இதுல இருக்கிற முத்து ராமையனும் எங்க ராமையாவும் ஒரே ஆளுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்கள். பிறந்த வருஷமும் வேறு. கோர்ட்டில் போய் வாரிசுரிமைச் சான்று வாங்கி வாருங்கள் என்று ஒருவர் சொன்னார். தாசில்தார் கொடுப்பது ஒன்று, சிவில் கோர்ட் கொடுப்பது வேறொன்று, பேர்தான் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். இதற்கிடையே மனு எழுதுபவர், கெஜட்டில் தாத்தா பேரை மாற்றிவிடலாம், பன்னிரண்டாயிரம் ஆகும் என்றார். கெஜட் பெயர் மாற்றம் உயிரோடு இருப்பவர் தனக்குத்தானே விண்ணப்பித்துச் செய்துகொள்வது. இறந்தவருக்குச் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நான் வந்துவிட்டேன்.

தாத்தாவின் தகரப் பெட்டியை முழுசாகக் கொட்டிப் பார்த்தது அதற்கப்புறம்தான். அதுவரை ஏதாவது ஒரு காகிதத்துக்காக மேலாகத் துழாவியதோடு சரி. அடியில், பழைய சேலைத் துணியில் சுற்றி, அவருடைய பாஸ்போர்ட் இருந்தது. கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்தது. அதில் பெயர் "ராமன்", தகப்பன் பெயர் முத்து, பிறந்த வருஷம் 1938, பிறந்த ஊர் என்ற இடத்தில் சிலோனில் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர். கூடவே தோட்டத்திலிருந்து கொடுத்த விடுகைக் கடிதம், அதில் "ராமையா, முத்து கங்காணி கணக்கு". தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார், தூதரகத்தில் கிளார்க் தன் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார், இங்கே வந்த பிறகு ரேஷன் கடைக்காரரும் ஆதார் எடுத்த பையனும் அவரவர் பங்குக்கு எழுதியிருக்கிறார்கள். ஆக ஐந்து பெயர். தாத்தாவுக்கு ஒன்றையும் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அந்தக் காகிதங்களைக் கோத்து, இவர்கள் எல்லாரும் ஒரே ஆள் என்று சொல்ல எனக்கு ஒரு மனிதர் தேவைப்பட்டார். தாத்தாவோடு ஒரே கப்பலில் வந்த ஒரு பெரியவர் கூடலூர் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார் என்று அம்மா சொன்னார். உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கத்தான் போனேன். ஒரு பகல் முழுக்க உட்கார வைத்துவிட்டார். 1948-ல் குடியுரிமைச் சட்டம் வந்து தோட்டத்து ஆட்களெல்லாம் எந்த நாட்டுக்காரரும் இல்லாமல் போனது, 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்துப் போட்டு ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பிரித்தது எல்லாம் நான் எங்கோ படித்திருக்கிறேன். எங்கள் வீட்டை அது எப்படிப் பிரித்தது என்று தெரியாது. தாத்தா மாமனார் சொன்னார் என்று இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறார். அவர் தம்பி அங்கேயே இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். 1973-ல் இவர்களுக்கு முறை வந்திருக்கிறது. தலைமன்னாருக்குப் போகிற ரயிலை அழுகைக் கோச்சி என்பார்களாம். ஸ்டேஷனில் தம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்தாராம். "ஒங்க தாத்தன் அழுவல. வெத்தலய மென்னுக்கிட்டே ஒக்காந்திருந்தான். ராமானுஜம் கப்பல் பொறப்பட்டப்பறந்தான் வாயத் தொறந்து கத்துனான்" என்றார் பெரியவர். ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, வந்தவர்களுக்காகவே அரசாங்கம் 1968-ல் ஆரம்பித்த தேயிலைத் தோட்டத்தில் கோத்தகிரிப் பக்கம் வேலை கிடைத்து வந்திருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தைத்தான் இப்போது டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்கிறோம். காடு வெட்டிக் கன்று நட்டதே இவர்கள்தான். வேறு மாவட்டங்களுக்குப் போனவர்களில் பலருக்குத் தொழில் செய்யச் சொல்லி ஐயாயிரம் ரூபாய் கடன் கொடுத்து அனுப்பியதையும், தொழில் என்றால் என்னவென்றே தெரியாத தோட்டத்து ஆட்கள் அதைத் தரகர்களிடம் பறிகொடுத்ததையும் சொன்னார். நான் ஒன்பதாயிரம் கொடுத்ததை அவரிடம் சொல்லவில்லை.

அவர் சொன்னதில் எனக்குத் தாங்காமல் போனது வேறொன்று. மாசி மாதம் காமன் கூத்தில் தாத்தாதான் ரதி வேஷம் கட்டுவாராம். மன்மதன் எரிந்து போனதும் காமன் பொட்டலில் ரதி அழும் அழுகைக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் ஆள் வருமாம். இருபது வருஷத்துக்கு மேல் அவரோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். ஒரு பாட்டுக்கூட அவர் பாடிக் கேட்டதில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. அத்தைக்கு மட்டும், சின்ன வயசில் அப்பா அடுப்படியில் தனியாக எதையோ ராகம் போட்டு முனகுவார் என்று ஞாபகம் இருந்தது. அத்தை என்னோடு மறுபடி பேச ஆரம்பித்ததே நான் இதைக் கேட்கப் போன் செய்தபோதுதான்.

அதனால் இதைப் படிப்பவர்களுக்குப் பணத்தை விட அவசரமாகச் சொல்ல வேண்டியது இது. உட்கார வைத்து, "உங்க வாழ்க்கையச் சொல்லுங்க" என்று கேட்டால் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள், "என்னத்தச் சொல்ல, கஷ்டப்பட்டோம், வந்தோம்" என்று முடித்துவிடுவார்கள். கையில் ஒரு பொருளைக் கொடுத்துக் கேளுங்கள். பழைய போட்டோ, கவ்வாத்துக் கத்தி, பாஸ்போர்ட். என்ன சாப்பிட்டீர்கள், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு எத்தனை மணிக்குத் தப்பு அடிப்பார்கள், லயத்தில் பக்கத்துக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்று சின்னதாகக் கேளுங்கள். அவர்கள் வயதுக்காரர் இன்னொருவரை வரவழைத்துவிட்டால் நீங்கள் கேட்கவே வேண்டாம், அவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டு பேசுவார்கள். போனில் பதிவு செய்து சட்டைப் பையிலேயே வைத்துவிடுங்கள், முகத்துக்கு நேராக நீட்டினால் பேச்சு மாறிவிடும். பதிவை அந்தப் போனில் மட்டும் விடாமல் மெயிலிலோ வீட்டில் இன்னொருவர் போனிலோ போட்டு வையுங்கள். பழைய காகிதங்களைப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பினால் எழுத்து மங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். சிலோனிலிருந்து வந்தபோது கொடுத்த ஃபேமிலி கார்டு (ரேஷன் கார்டு இல்லை) வைத்திருப்பவர்கள் அசலை யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். எங்களுடையதை யாரோ சொந்தக்காரர் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று எடுத்துப் போனது திரும்பவே இல்லை. அது இருந்திருந்தால் குடும்பத்தார் பெயரெல்லாம் ஒரே தாளில் இருந்திருக்கும், எனக்கு இத்தனை வேலை வந்திருக்காது.

வங்கியில் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாமினி இல்லாத கணக்கிலும் ஒவ்வொரு வங்கியும் ஒரு தொகை வரை கோர்ட்டுக்குப் போகாமலே, பின்னால் ஏதாவது சிக்கல் வந்தால் நாங்களே பொறுப்பு என்று வாரிசுகள் எல்லாரும் சேர்ந்து எழுதிக்கொடுக்கும் ஈட்டுறுதிப் பத்திரத்தை வைத்துப் பணத்தைக் கொடுக்கும். இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். மூன்று பேர் கையெழுத்து, பெயர் வேறுபாட்டுக்கு நோட்டரி முன் எடுத்த உறுதிமொழி, பெரியவரின் சாட்சி, பாஸ்போர்ட் நகல், விடுகைக் கடித நகல் எல்லாவற்றையும் ஒரு கடிதத்தில் வரிசையாக எழுதி, அதன் இன்னொரு பிரதியில் முத்திரையோடு பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்கினேன். காகிதம் எல்லாம் சரியாகக் கொடுத்தால் 15 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த முத்திரை கையில் இருந்தால்தான் நாள் எண்ண முடியும். முப்பது நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே புகார் எழுதலாம், கட்டணம் கிடையாது. எனக்கு அது தேவைப்படவில்லை, எழுதப்போகிறேன் என்று சொன்னதே போதுமாக இருந்தது.

இன்னும் சில விஷயங்கள். இறந்தவரின் ஏ.டி.எம். கார்டில் பணம் எடுக்காதீர்கள், பின் நம்பர் தெரிந்தாலும். காரியச் செலவுக்கு என்று ஐயாயிரம் எடுத்துவிட்டு மற்ற வாரிசுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் வீடு எனக்குத் தெரியும். அவருடைய சிம் கார்டை எல்லா வேலையும் முடியும்வரை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள், எந்தக் கணக்கு எங்கே இருக்கிறது என்று அதற்கு வரும் குறுஞ்செய்தியே காட்டிக்கொடுக்கும். வேறு வங்கியில் மறந்துபோன கணக்கு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கி 2023-ல் தொடங்கிய உத்கம் என்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பத்து வருஷம் யாரும் தொடாத பணம் அதில்தான் தெரியும். எல்லா எழுத்துக்கூட்டிலும் தேடுங்கள். நான் ஐந்து பெயரிலும் தேடினேன், ஒன்றும் இல்லை. தபால் நிலையக் கணக்கை அங்கே நேரில் போய்த்தான் கேட்க வேண்டும்.

பணம் வந்ததும் சரிபாதி அத்தைக்கு அனுப்பினேன், மீதி அம்மா கணக்கில் இருக்கிறது. இரண்டு கணக்கிலும் இப்போது நாமினி இருக்கிறது, உயிரோடு இருக்கிற நாமினி. கூடலூர்ப் பெரியவரிடம் தாத்தா தம்பியின் பிள்ளைகள் தலவாக்கலையில் இருப்பதாகத் தெரிந்துகொண்டு, ஒரு எண் வாங்கிப் பேசினேன். சின்னத் தாத்தா இறந்து பல வருஷம் ஆகிறதாம். அவர் மகன், எனக்குச் சித்தப்பா முறை, கொழும்பில் ஒரு கடையில் இருக்கிறார். காமன் கூத்துப் பாட்டு யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். தோட்டத்தில் இன்னும் கட்டுகிறார்களாம், மாசி மாதம் வந்தால் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், ஆதாரில் என் அப்பா பெயர் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு.